காத்திருந்த நிமிடம் யார் கணக்கில்?

திருப்பூர் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில், பிளாட்லாக் மெஷினில் டி-ஷர்ட்டின் அடிப்பக்கத்தை மடித்துத் தைக்கும் ஒரு டெய்லரை எடுத்துக்கொள்வோம். ஒரு பீஸுக்கு அரை நிமிடம் என்று கம்பெனி நிர்ணயித்திருக்கிறது. தொழிலில் இதற்கு எஸ்.ஏ.எம். (ஸ்டாண்டர்டு அலவ்டு மினிட்) என்று பெயர். ஐ.இ. (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்) பிரிவுக்காரர்கள் ஸ்டாப்வாட்ச் பிடித்தோ, ஒவ்வொரு கை அசைவுக்கும் ஏற்கெனவே வகுத்து வைத்திருக்கும் நேர அட்டவணையைப் பார்த்தோ இந்த எண்ணைப் போடுவார்கள். ஒரு ஷிப்ட் 8 மணி நேரம், அதாவது 480 நிமிடம். 960 பீஸ் தைத்தால் எஃபிஷியன்சி 100 சதவீதம். அன்று அவர் தைத்தது 720. பண்டல் அட்டையின் பார்கோடு ஸ்கேன் ஆன மறுநொடி டேப்லெட் பெருக்கி வகுத்து 75 என்று காட்டிவிடுகிறது. இன்சென்டிவ் வேண்டுமென்றால் 80 தொட வேண்டும். தொடவில்லை.

பெருக்கலில் தப்பில்லை, வகுத்தலிலும் தப்பில்லை. ஆனால் அன்று காலை அவருடைய மெஷினில் ஊசி உடைந்தது. ஏற்றுமதி கம்பெனியில் ஊசி உடைந்தால் உடனே புது ஊசி மாட்டித் தைத்துவிட முடியாது. குழந்தை போடும் சட்டைக்குள் ஊசித்துண்டு போய்விட்டால் பையர் மொத்தச் சரக்கையும் திருப்பிவிடக்கூடும். அதனால் உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுத்து, ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, தேதியும் மெஷின் எண்ணும் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் மாற்று ஊசி கைக்கு வரும். இதில் 20 நிமிடம் போனது. மத்தியானத்துக்கு மேல், முந்தைய ஆபரேஷனில் ஆள் வராததால் பீஸ் வரவில்லை. 40 நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தார். ஆக 60 நிமிடம் அவர் கையில் இல்லாத நேரம். அதைக் கழித்துவிட்டு 420 நிமிடத்துக்குக் கணக்குப் போட்டால் எஃபிஷியன்சி 85.7. இன்சென்டிவ் உண்டு.

75-க்கும் 85.7-க்கும் நடுவில் அவருடைய உழைப்பில் ஒரு தையல்கூட வித்தியாசமில்லை. அந்த ஒரு மணி நேரம் டேப்லெட்டில் பதிவானதா இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

பதிவு செய்யும் வசதி சாஃப்ட்வேரில் இல்லாமல் இல்லை. ‘மெஷின் ரிப்பேர்’, ‘ஃபீடிங் இல்லை’ என்று தனித்தனிப் பட்டன்கள் உண்டு. அழுத்த வேண்டியவர் லைன் சூப்பர்வைசர். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. லைனில் எத்தனை நிமிடம் வீணானது என்ற கணக்கு மேலே போகும்போது, அது சூப்பர்வைசரின் பேரில்தான் போகும். பட்டனை அழுத்தினால் டெய்லருக்கு நல்லது, அவருக்குத் திட்டு. “அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் அக்கா, நாளைக்குப் பிடிச்சிரலாம்” என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்துவிட்டால் அவரைக் கெட்டவர் என்றும் சொல்ல முடியாது. அவருக்கும் ஒரு எண் இருக்கிறது. அவருடைய மேனேஜருக்கும் இருக்கிறது. நேரத்துக்குச் சரக்கு அனுப்பினாரா, டேமேஜ் எவ்வளவு என்று கம்பெனி முதலாளிக்கே வெளிநாட்டு பையர் மார்க் போடுகிறார். சங்கிலியின் கடைசிக் கண்ணியில் இருப்பவருக்கு மட்டும் தன் எண் எப்படி வந்தது என்று கேட்க யாரும் இல்லை.

திருப்பூர் முழுக்க இப்படி டேப்லெட் வந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. பனியன் தொழிலின் பெரும்பகுதி இன்னும் சின்னச் சின்ன கம்பெனிகளிலும் ஜாப் ஒர்க் யூனிட்களிலும்தான் நடக்கிறது. நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், தையல் ஓரிடம், காஜா பட்டன் வேறோரிடம். அங்கெல்லாம் பீஸ் கணக்கு நோட்டில்தான், சம்பளம் சனிக்கிழமை சாயங்காலம். பண்டல் டிராக்கிங், முகம் பார்க்கும் அட்டெண்டன்ஸ், ஆபரேட்டர் கிரேடு போடும் மென்பொருள் எல்லாம் பெரிய ஏற்றுமதி கம்பெனிகளின் சமாச்சாரம். ஆனால் ஆர்டரில் பெரும்பங்கு யாரிடம் இருக்கிறதோ, அவர்களுடைய பழக்கம்தான் நாளைக்கு ஊருக்கும் பழக்கமாகும்.

ஒரு நாளின் இன்சென்டிவ் போனதோடு இது முடிவதில்லை. 75 என்ற எண் சேமிக்கப்படுகிறது. மூன்று மாதச் சராசரி எடுத்து ஏ, பி, சி என்று கிரேடு போடலாம். ஆர்டர் குறையும் சீசனில் யாரை நிறுத்துவது என்ற பட்டியலை அதைக் கொண்டே தயாரிக்கலாம். இன்னொரு படி மேலே போய், பழைய பதிவுகளை எல்லாம் கணினிக்குக் கொடுத்து, யார் வேலையை விட்டுப் போகக்கூடும் என்று முன்கூட்டியே கணிக்கச் சொல்லலாம். மனிதவளத் துறைக்கென்று விற்கப்படும் மென்பொருள்கள் இந்தக் கணிப்பைத் தனி வசதியாகவே விளம்பரம் செய்கின்றன.

அந்தக் கணிப்பு எப்படி வேலை செய்கிறது? கணினிக்கு மனிதர்களைத் தெரியாது. முன்பு விட்டுப் போனவர்களின் பதிவுகளில் எது எது சேர்ந்து வந்தது என்று பார்க்கிறது. அதே சேர்க்கை இன்னொருவரிடம் தெரிந்தால் இவரும் போவார் என்று ஒரு நிகழ்தகவைச் சொல்கிறது. எந்தக் காலத்துப் பதிவைக் கொடுக்கிறோம் என்பதில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது.

2023 மார்ச் மாதத்தை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பீகாரில் இருந்தும் ஜார்க்கண்டில் இருந்தும் அதிகாரிகள் குழுக்கள் வந்து பார்த்துவிட்டுப் போகும் அளவுக்கு அது பெரிதானது. திருப்பூரில் இருந்து நிறையப் பேர் ஊருக்குக் கிளம்பினார்கள். ஹோலியும் அந்தச் சமயத்தில்தான். யார் பயத்தில் போனார், யார் பண்டிகைக்குப் போனார் என்பது அட்டெண்டன்ஸ் பதிவில் இருக்காது. அங்கே இருப்பதெல்லாம் ‘ஆப்சென்ட்’ மட்டுமே. அந்த மாதத்தின் பதிவைப் படித்துப் பழகிய கணினி, வடமாநிலத்துக்காரர் என்றாலே சொல்லாமல் ஓடிப்போகிறவர் என்ற பாடத்தைக் கற்றுக்கொள்ளும். யாரோ எங்கோ பதிவேற்றிய ஒரு பொய் வீடியோ, மூன்று வருடம் கழித்து ஒருவரின் கிரேடைக் குறைக்கும். அவரோ வீடியோவைப் பார்த்தே இருக்க மாட்டார்.

“சரி, சொந்த மாநிலம் என்ற பத்தியையே எடுத்துவிடுவோம்” என்பார் சாஃப்ட்வேர்காரர். எடுத்தாலும் தீராது. தீபாவளி முடிந்து ஆறாம் நாள் வரும் சட் பூஜைக்கு லீவு எடுத்தவர் யார், கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருப்பவர் யார், செயலியில் இந்தியோ ஒடியாவோ தேர்ந்தெடுத்தவர் யார், சம்பளம் போகும் வங்கிக் கிளை எங்கே இருக்கிறது என்பதெல்லாம் வேறு பத்திகளில் இருக்கின்றன. பண்டிகைத் தேதியையும் லீவுத் தேதியையும் அருகருகே வைத்தால் போதும், எடுத்துப்போட்ட பத்தி திரும்பி வந்துவிடும். கணினி இதை வேண்டுமென்று செய்வதில்லை, அதற்கு வன்மமும் கிடையாது. மறைத்த தகவலுக்குப் பதிலாக அதோடு ஒட்டிக்கொண்டு வரும் தகவலைப் பிடித்துக்கொள்வது அதன் வேலைமுறை. இயந்திரக் கற்றலில் நியாயம் பற்றி ஆராய்கிறவர்கள் கண்ணை மூடிக்கொள்வதால் நியாயம் வராது என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு விசித்திரமும் உண்டு, இதை வெளியில் இருப்பவர்கள் அதிகம் கவனிப்பதில்லை. ஓவர்லாக், பிளாட்லாக், சிங்கர் என்று மூன்று மெஷினும் தெரிந்த டெய்லரைத்தான் ஆள் இல்லாத இடத்துக்கெல்லாம் மாற்றி மாற்றி உட்காரவைப்பார்கள். புது ஆபரேஷனில் கை பழக அரை நாளாவது ஆகும். கை பழகி வேகம் எடுக்கும்போது வேறு மெஷினுக்குக் கூப்பிடுவார்கள். ஆகவே லைனிலேயே திறமைசாலியான ஆளின் எஃபிஷியன்சி, ஒரே ஆபரேஷனை வருடக்கணக்கில் செய்கிறவருடையதைவிடக் குறைவாகத் தெரியலாம். கிரேடு குறைந்தவருக்குப் பழைய மெஷின் கிடைக்கும். பழைய மெஷினில் நூல் அதிகம் அறும். நூல் அறுந்தால் எண் இன்னும் குறையும். தன் கணிப்பைத் தானே உண்மையாக்கிக்கொண்டு, பார்த்தீர்களா நான் சொன்னது சரிதானே என்று நிற்கும் எண் இது.

இந்த இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகளும் உரிமைகளும் அதிலிருந்து 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரும். நோட்டில் எழுதிய கணக்குக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அதே நோட்டைப் பார்த்து எக்செலில் ஏற்றினால் பொருந்தும்.

நம் டெய்லருக்கு உதவக்கூடிய வரி 8-வது பிரிவின் 3-வது உட்பிரிவில் இருக்கிறது. ஒருவரைப் பாதிக்கும் முடிவு எடுக்க அவருடைய தரவு பயன்படக்கூடும் என்றால், அந்தத் தரவு முழுமையாகவும் துல்லியமாகவும் முரண்பாடு இல்லாமலும் இருப்பதை நிறுவனம் உறுதிசெய்ய வேண்டும். இந்தியச் சட்டத்தில் தானியங்கி முடிவுகளைத் தொடும் வலுவான வரி இதுதான் என்று நான் நினைக்கிறேன். முடிவை மனிதர் எடுத்தாரா, மென்பொருள் எடுத்ததா என்ற வாதத்துக்கே இதில் இடமில்லை. ‘முழுமை’ என்ற நிபந்தனை நேராக அந்த 60 நிமிடத்துக்கு வந்து நிற்கிறது. காத்திருந்த நேரம் இல்லாத பதிவு முழுமையான பதிவு ஆகாது. காத்திருந்தார் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டால், ஊசி ரெஜிஸ்டர் இருக்கிறதே! முந்தைய ஆபரேஷனின் ஸ்கேன் நேரங்களைப் பார்த்தால் 40 நிமிடம் எந்தப் பண்டலும் நகரவில்லை என்பதும் தெரிந்துவிடும். எல்லாம் கம்பெனியிடமே இருக்கும் தகவல்.

அதே பிரிவின் முதல் உட்பிரிவு இன்னொரு சாக்கை அடைக்கிறது. தரவைக் கையாளும் வேலையை வெளி நிறுவனத்திடம் கொடுத்திருந்தாலும், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், பொறுப்பு தரவை எதற்காக எப்படிப் பயன்படுத்துவது என்று தீர்மானிப்பவருக்கே. “சிஸ்டம் அப்படித்தான் காட்டுது, சாஃப்ட்வேர் கம்பெனியைக் கேளுங்க” என்பது சட்டத்தின் முன் பதிலாகாது.

இதுவரை நல்லது. இனிமேல்தான் ஏமாற்றம். 7-வது பிரிவு சம்மதம் கேட்காமலே தரவைப் பயன்படுத்தக்கூடிய சூழ்நிலைகளைப் பட்டியலிடுகிறது. அதன் (ஐ) கூறு வேலைவாய்ப்பு தொடர்பானது. வேலையின் தேவைக்காகவும், முதலாளிக்கு நஷ்டம் வராமல் காக்கவும் தொழிலாளியின் தரவைச் சம்மதம் இல்லாமலே கையாளலாம். இதைத் தப்பென்று சொல்வதற்கில்லை. வேலை வேண்டும் என்று வந்து நிற்பவரிடம் வாங்கும் சம்மதம் எந்த ஊரில் சம்மதமாக இருந்திருக்கிறது? விஷயம் 11, 12-வது பிரிவுகளில் இருக்கிறது. என்னைப் பற்றி என்ன தரவு வைத்திருக்கிறாய், யாருக்கெல்லாம் கொடுத்தாய் என்று கேட்கும் உரிமை 11-இல். தப்பைத் திருத்து, விட்டுப்போனதைச் சேர் என்று கேட்கும் உரிமை 12-இல். இரண்டுமே, தரவுக்கு யார் சம்மதம் கொடுத்திருக்கிறாரோ அவருக்குத்தான். தானாக முன்வந்து கொடுத்த தரவும் அதில் சேரும். வேலைவாய்ப்புக் கூறின் கீழ் சம்மதமே கேட்கப்படாதவருக்கு இந்த இரண்டு உரிமையும் கிடையாது.

ஆக, டெய்லரின் பதிவு முழுமையாக இருக்க வேண்டியது கம்பெனியின் கடமை. அது முழுமையாக இருக்கிறதா என்று பார்க்கும் உரிமை டெய்லருக்கு இல்லை. பார்க்காமல் தப்பு இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பார்? சட்டத்தை எழுதியவர்கள் கடையில் பொருள் வாங்கும் வாடிக்கையாளரை மனதில் வைத்து உரிமைகளை எழுதிவிட்டு, தொழிலாளியை விதிவிலக்குப் பட்டியலில் சேர்த்ததன் விளைவு இது என்றே தோன்றுகிறது. தரவு எதற்கு எடுக்கப்படுகிறது என்ற அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்க வசதி தர வேண்டும் என்று சட்டத்தில் ஒரு அருமையான ஏற்பாடு உண்டு. ஒடியாவும் இந்தியும் வங்காளமும் அசாமியும் ஒரே லைனில் ஒலிக்கும் திருப்பூருக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற ஏற்பாடு. அதுவும் சம்மதம் கேட்கும் இடத்தில்தான்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. காண்ட்ராக்டர் மூலம் வந்து பீஸ் ரேட்டில் தைப்பவர் கம்பெனியின் ஊழியரே இல்லை என்பது கம்பெனிகள் பி.எஃப். விஷயத்தில் காலங்காலமாகச் சொல்லிவரும் வாதம். அப்படியென்றால் அவருடைய தரவுக்கு வேலைவாய்ப்பு விதிவிலக்கும் பொருந்தாது, அவரிடம் சம்மதம் வாங்கியாக வேண்டும், சம்மதம் வாங்கினால் 11-உம் 12-உம் அவருக்கு உண்டு என்று ஒரு வக்கீல் வாதாட இடமிருக்கிறது. நீதிமன்றம் ஏற்குமா என்பது வேறு கேள்வி. ஆனால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேச முடியாது.

குறைதீர்ப்பு உரிமை மட்டும் எல்லோருக்கும் இருக்கிறது. முதலில் கம்பெனியிடம் புகார் சொல்ல வேண்டும். பதில் தர அதிகபட்சம் 90 நாள். 90 நாளில் ஒரு ஆர்டர் நூலாக வந்து, துணியாகி, சட்டையாகி, கப்பலேறிவிடும். பதிலில் திருப்தி இல்லை என்றால்தான் தரவுப் பாதுகாப்பு வாரியம். அங்கே ஜெயித்தாலும் டெய்லர் கைக்குப் பைசா வராது. அபராதம் எல்லாம் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும். முன்பு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவில் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு என்று ஒன்று இருந்தது. புதுச் சட்டம் அதை நீக்குகிறது. பொய்ப் புகாரோ அற்பமான புகாரோ கொடுத்ததாக முடிவானால் புகார் கொடுத்தவருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் போடலாம். அற்பம் எது என்று தீர்மானிப்பது வாரியம். தன் பதிவைப் பார்க்கும் உரிமையே இல்லாதவர் எந்தத் தைரியத்தில் புகார் எழுதுவார்?

மென்பொருளின் அல்காரிதம் உரிமைகளுக்கு ஆபத்து விளைவிக்காமல் இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும் என்று 2025 விதிகளில் ஒரு வரி இருக்கிறது. அரசு ‘குறிப்பிடத்தக்கவை’ என்று தனியாக அறிவிக்கும் பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் அது. எந்தப் பனியன் கம்பெனியும் அந்தப் பட்டியலில் வரப்போவதாக எனக்குத் தோன்றவில்லை.

ஏன் இப்படி முடிவு எடுத்தேன் என்று காரணம் சொல்லும் கடமை நம் தரவுச் சட்டத்தில் எங்கும் இல்லை. கவனக்குறைவால் விட்டுப்போனதும் இல்லை. 2018-இல் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு வரைவு தயாரித்த நீதிபதி பி.என்.ஸ்ரீகிருஷ்ணா குழு தானியங்கி முடிவை ஆட்சேபிக்கும் உரிமையைப் பரிசீலித்துவிட்டு, தேவையில்லை என்று ஒதுக்கியது. அதே 2018 மே மாதம் ஐரோப்பாவில் ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 22-வது பிரிவின்படி, முழுக்க முழுக்க இயந்திரமே எடுத்து ஒருவரைப் பெரிதாகப் பாதிக்கும் முடிவுக்கு அவரை ஆளாக்கக் கூடாது. விதிவிலக்குகள் உண்டு. ஆனால் அப்போதும் ஒரு மனிதர் தலையிட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம், முடிவை எதிர்க்கலாம்.

இதைச் சுற்றிப் போக நிறுவனங்கள் கண்டுபிடித்த வழி நமக்கும் பழக்கமானதே. இயந்திரம் பட்டியல் கொடுக்கும், அதிகாரி அடியில் கையெழுத்துப் போடுவார், ‘முடிவு எடுத்தது மனிதர்’ என்று சொல்லிவிடுவார்கள். ஜெர்மனியில் ஷூஃபா என்று ஒரு கடன் மதிப்பீட்டு நிறுவனம். அது தரும் மதிப்பெண்ணைப் பார்த்து வங்கி ஒருவருக்குக் கடனை மறுத்தது. நாங்கள் மதிப்பெண் மட்டும்தான் தந்தோம், மறுத்தது வங்கி என்றது ஷூஃபா. 2023 டிசம்பர் 7 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அடுத்தவர் அந்த எண்ணையே பெரிதும் நம்பி முடிவெடுக்கிறார் என்றால், எண்ணைப் போட்டதே முடிவுதான் என்றது. திருப்பூர் மொழியில் சொன்னால், கிரேடுப் பட்டியலைத் திறந்தே பார்க்காமல் மேனேஜர் போடும் கையெழுத்துக்கு மதிப்பில்லை.

2025 பிப்ரவரியில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்த ஆஸ்திரியா வழக்கு இன்னும் நுணுக்கமானது. மாதம் 10 யூரோ கட்டணமுள்ள கைபேசி இணைப்பு ஒருவருக்கு மறுக்கப்பட்டது, கடன் மதிப்பீடு சரியில்லை என்று. காரணம் கேட்டால் வியாபார ரகசியம் என்றார்கள். நீதிமன்றம் இரண்டு பக்கமும் பார்த்தது. அல்காரிதத்தின் சூத்திரத்தை அப்படியே தூக்கிக் கையில் கொடுப்பது விளக்கம் ஆகாது, யாருக்கும் புரியாது. எந்தத் தரவு எப்படிப் பயன்பட்டது என்று புரியும்படி சொல்ல வேண்டும். எந்தத் தரவு எவ்வளவு மாறியிருந்தால் முடிவு வேறாக வந்திருக்கும் என்று சொல்வதும் ஒரு நல்ல வழி. ரகசியம் என்று வாதிட்டால் அதை நீதிமன்றத்திடமோ ஆணையத்திடமோ காட்டு, அவர்கள் எடைபோடுவார்கள். இந்த அளவுகோலில் நம் டெய்லருக்குத் தர வேண்டிய விளக்கம் ஒரே வரி: ‘60 நிமிடக் காத்திருப்பு பதிவாகியிருந்தால் உங்கள் எண் 85.7.’ இதற்குப் பெரிய கணிதம் எதுவும் வேண்டாம்.

திருப்பூரின் சட்டைகள் ஐரோப்பியக் கடைகளிலும் தொங்குகின்றன. ஆனாலும் வாங்குபவர் ஐரோப்பியர் என்பதால் மட்டும் தைப்பவருக்கு ஜிடிபிஆர் பொருந்தாது. பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட ஓலாவின் கதை இந்த இடைவெளியைக் காட்டும். பிரிட்டனில் ஓலா ஓட்டிய டிரைவர்கள் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். அவர்கள் வருமானத்தில் மென்பொருள் தானாகச் செய்த பிடித்தங்கள் தானியங்கி முடிவுகளே என்று 2021 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. 2023 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்னும் போய், டிரைவர் மோசடி செய்யக்கூடியவரா என்று நிறுவனம் போட்டு வைத்திருந்த மதிப்பெண் பற்றியும் விளக்கம் தரச் சொன்னது. இந்திய நிறுவனம், வெளிநாட்டு டிரைவருக்குப் பதில் சொன்னாக வேண்டும். அவிநாசி ரோட்டில் ஓட்டுகிறவருக்குத் தரவுச் சட்டத்தின் கீழ் அப்படிக் கேட்க வழியில்லை. கர்நாடகம் 2025-இல் செயலிவழி வேலை செய்யும் கிக் தொழிலாளர்களுக்கென்று கொண்டுவந்த சட்டத்தில் தானியங்கி முடிவு முறைகள் பற்றித் தெரியப்படுத்தும் கடமை இருக்கிறது, ஆனால் அது ஆலைக்குள் வராது.

நம் நாட்டில் இதெல்லாம் நடக்காது என்பவர்களுக்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. தெலங்கானாவில் பல அரசுத் துறைகளின் தரவுகளைக் கோத்து, கார் வைத்திருக்கிறார், வசதியானவர் என்றெல்லாம் கணினி அடையாளம் கண்டவர்களின் ரேஷன் கார்டுகள் ரத்தாயின. சுமார் 19 லட்சம் கார்டுகள். 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நேரில் போய்ச் சரிபார்க்கச் சொன்னது. அதன்பின் பரிசீலித்த சுமார் 2 லட்சம் விண்ணப்பங்களில் 15,000-க்கும் மேற்பட்டவர்கள் தகுதியானவர்களே என்று தெரியவந்தது. நூற்றுக்கு ஏழரைப் பேர். அதுவும் திரும்ப விண்ணப்பித்தவர்களில் மட்டும். கேட்காமல் விட்டவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

கடன் மதிப்பெண் விஷயத்தில் மட்டும் நாம் கொஞ்சம் தெளிவாக இருக்கிறோம். சிபில் அறிக்கையில் தப்பு இருந்தால் திருத்தச் சொல்லலாம். 30 நாளில் திருத்தாவிட்டால் அதற்குமேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் புகார்தாரருக்கே கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் உத்தரவிட்டது, அது 2024 ஏப்ரலில் இருந்து அமலில் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாக வாங்கிப் பார்க்கவும் முடியும். பார்க்கலாம், திருத்தலாம், தாமதித்தால் காசு. தொழிலாளியின் எஃபிஷியன்சி அறிக்கைக்கும் வேண்டியவை இவைதான். மென்பொருளையே சோதித்துப் பார்ப்பதும் நமக்குப் புதிதில்லை. அரசு வாங்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளைச் சமத்துவம், தணிக்கை, வெளிப்படைத்தன்மை என்று மார்க் போட்டுப் பார்க்க வேண்டும் என 2020-லேயே கொள்கை வெளியிட்டது தமிழ்நாடு அரசு. டீப்-மேக்ஸ் என்று அந்த மதிப்பெண் அட்டைக்குப் பெயரும் வைத்தார்கள். அரசின் மென்பொருளுக்குத்தான் அது. தனியார் ஆலைக்கு அல்ல.

2027 வரை காத்திருக்காமல் கையில் இருப்பதைப் பார்த்தால், வழி தொழிலாளர் சட்டத்தில்தான் தெரிகிறது. 1936-இன் ஊதியப் பட்டுவாடாச் சட்டம் அபராதம் போடுவதற்கு முன் தொழிலாளியின் விளக்கத்தைக் கேட்டாக வேண்டும் என்றது. சம்பளத்தில் 3 சதவீதத்துக்கு மேல் அபராதம் கூடாது என்று வரம்பும் வைத்தது. இப்போது அதன் இடத்தில் இருக்கும் ஊதியச் சட்டத்தொகுப்பிலும் அந்த விதிகள் தொடர்கின்றன. கணினி என்ற பொருளே இல்லாத காலத்தில் எழுதியது, ஆனாலும் பிடித்தம் செய்தது கையா மென்பொருளா என்ற வேறுபாடு அதில் இல்லை. ஆனால் இன்சென்டிவ் தராமல் விடுவது அபராதம் ஆகாது. வராத காசுக்கும் பிடித்த காசுக்கும் சட்டத்தில் வித்தியாசம் உண்டு. மென்பொருள்கள் அந்த வித்தியாசத்துக்குள் தாராளமாகக் குடியிருக்கின்றன.

திருப்பூருக்கு இன்னொரு பழக்கம் இருக்கிறது, அது தில்லியில் இருந்து வந்ததில்லை. முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உட்கார்ந்து போடும் சம்பள ஒப்பந்தம். கட்டிங், பவர் டேபிள், கைமடி, செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று ஒவ்வொரு வேலைக்கும் ரேட் அதில் அச்சாகி வரும். யாரும் எடுத்துப் படிக்கலாம். 1984-இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் இது. ஏற்றுமதி கம்பெனிகளில் எத்தனை பேர் இன்று அந்த ஒப்பந்த ரேட்டில் இருக்கிறார்கள் என்பது சர்ச்சைக்குரிய விஷயம்தான், காண்ட்ராக்ட் முறை அதை நிறையக் கரைத்துவிட்டது. இருந்தாலும் கணக்குப் போடும் விதி இரண்டு தரப்புக்கும் தெரிந்த காகிதத்தில் இருக்க வேண்டும் என்பது இங்கே புதுக் கோரிக்கை இல்லை. எஸ்.ஏ.எம். எவ்வளவு, எந்தெந்த நேரம் கழிக்கப்படும், கழித்ததை யார் பதிவு செய்வார், தப்பு என்றால் எத்தனை நாளில் திருத்துவார்கள் என்று நான்கு வரி ஒப்பந்தத்தில் ஏறினால், 11-வது பிரிவு தராததை அது தந்துவிடும். சனிக்கிழமை கவரோடு வரும் சீட்டில் ‘காத்திருப்பு நிமிடம்’ என்று ஒரு பத்தி கூடுதலாக அச்சாகும், அவ்வளவுதான் செலவு. அந்தப் பத்தியில் வாரம் முழுக்கப் பூஜ்யம் இருந்தால் கேள்வி கேட்க டெய்லருக்கு வக்கீல் தேவைப்படாது.